டிரைவர் எங்கே படுப்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். வயது 74. குரல் மட்டும் இன்னும் களத்துமேட்டிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்.

"ஏம்பா, சித்திரைக்கு முன்னாடி ராமேஸ்வரம் போயிட்டு வந்துடலாம். அப்படியே திருச்செந்தூர், கன்னியாகுமரி. மூணே நாள். பதினாலு பேர் சேர்ந்திருக்கோம். வேன் சொல்லியாச்சு. ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பினா காலையில அக்னி தீர்த்தத்துல முழுக்குப் போட்டுடலாம்."

"டிரைவர் எத்தனை பேர்ணா?" என்று கேட்டேன்.

"டிரைவர் எத்தனை பேரா? ஒரு வண்டிக்கு எத்தனை டிரைவர்டா வருவான்?"

"சரி. அவர் எங்கே படுப்பார்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ரிட்டையர் ஆகி இத்தனை வருஷமாச்சு, உனக்கு இன்னும் டிப்போ புத்தி போகலை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவரிடம் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார். கண் சரியில்லை, ஆனால் பேரன் படித்துக் காட்டுவான். வழக்கமாக என் பழைய கதைகளைப் படித்துவிட்டு "நல்லாயிருந்தது" என்று சொல்லுகிற மற்ற நண்பர்களும் இன்றைக்குக் கொஞ்சம் கோபித்துக்கொள்ளக்கூடும். பரவாயில்லை. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளி நான்தான் என்பதால் எனக்குப் பேச உரிமை உண்டு.

விஷயம் இதுதான். குடும்பத்தோடு வண்டி வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும்போது நாம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். ஏ.சி. வேலை செய்யுமா, சீட் பின்னால் சாயுமா, டி.வி. இருக்கா, கிலோமீட்டருக்கு எவ்வளவு, டோல் யார் கணக்கு, பேட்டா எவ்வளவு என்று கேட்கிறோம். பஞ்சாங்கத்தைப் பார்க்கிறோம். பதினாலு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகப் போகிறவர் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று மட்டும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய ஆட்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகள் இல்லை. தேதி குறிப்பதும், வண்டி பேசுவதும், "ஒரு நாளையில ஒம்பது கோயிலையும் முடிச்சிடணும்" என்று அடம் பிடிப்பதும் 60 வயதைத் தாண்டிய நாம்தான்.

கிளம்புகிற காட்சியைச் சொல்கிறேன், எல்லார் வீட்டிலும் இதேதான் இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு வேன் வாசலில் வந்து நிற்கும். புளிசாதம் ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, முறுக்கு டின், தண்ணீர்க் கேன், போர்வை மூட்டை, மாமியாரின் மருந்துப் பை. யார் ஜன்னல் ஓரம் என்று சண்டை. வண்டி ஊர் எல்லைப் பிள்ளையார் கோவில் வாசலில் நிற்கும். கற்பூரம் ஏற்றி, தேங்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஸ்டியரிங்கில் திருநீறு பூசி, டிரைவர் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிடுவார்கள். அந்தத் திருநீறு வைக்கிறபோது அவர் கண்ணை யாராவது பார்க்கிறார்களா? சிவந்திருக்கிறதா, இமை கனத்திருக்கிறதா? சக்கரத்துக்கு நாலு பழம் ஒதுக்கிய நமக்கு அந்த முகத்தை அரை நிமிஷம் பார்க்கத் தோன்றுவதில்லை.

எங்கள் காவாந்தண்டலத்தில் நான் சிறுவனாக இருந்தபோது காஞ்சிபுரம் வைகாசி கருட சேவைக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். ராத்திரிப் பயணம்தான், வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று. வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும். வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் போட்டு நாங்கள் படுத்திருப்போம். அப்பா கிளம்பும் முன் செய்கிற முதல் வேலை, மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்ப்பது. பகலில் ஏர் உழுத ஜோடியாக இருந்தால் வண்டி கட்ட மாட்டார். "அதுங்க இன்னிக்கு வேலை பார்த்துட்டுது" என்று சொல்லி, பக்கத்து வீட்டு ஜோடியைக் கேட்டு வாங்கி வருவார். நடு வழியில் ஒரு முறை அவிழ்ப்போம். ஓரிக்கைக்கு இந்தப் பக்கம் பாலாற்று மணலில் மறுபடி அவிழ்ப்போம். தண்ணீர் காட்டி, ஒரு பிடி வைக்கோல் போட்டு, மாடு படுத்து அசைபோட ஆரம்பித்த பிறகுதான் அம்மா கட்டுச்சோற்றைப் பிரிப்பாள். மாடு பட்டினியாக நிற்க மனிதர்கள் சாப்பிட்டால் அப்பா தட்டைத் தட்டிவிடுவார். ஒரு தடவை என் தட்டு பறந்திருக்கிறது.

இதை ஏதோ அந்தக்காலத்துப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மாட்டுக்கு அந்த மரியாதை வந்தது கருணையால் மட்டும் இல்லை, மாடு நம் சொத்து. செத்துவிட்டால் நஷ்டம் நமக்கு. வாடகை வேன் டிரைவர் நம் சொத்து இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஒப்புக்கொள்ளக் கசப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மாட்டுக்குச் சட்டமே இருக்கிறது, தெரியுமா? 1965-ல் மத்திய அரசு கொண்டுவந்த பாரவண்டி மாடுகளுக்கான விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. ஒரேயடியாக 5 மணி நேரத்துக்கு மேல் இளைப்பாற விடாமல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. சரி, மனிதனுக்கு? அதற்கும் 4 வருஷம் முந்தி, 1961-ல் வந்து 2025 வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேர வேலைக்கு ஒரு தரம் அரை மணியாவது ஓய்வு கொடு என்றது. அது பெரிய கம்பெனிக்குத்தானே என்று நழுவ முடியாது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு, வாடகை வண்டி ஓட்டுகிற யாராக இருந்தாலும் இதே நேரக் கணக்குத்தான் என்று சொல்கிறது.

நான் அரசு பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக 27 வருஷம் உட்கார்ந்தவன். ராத்திரி சர்வீஸ் முடித்து வந்த டிரைவரை அப்படியே அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லி மேலே இருந்து எத்தனை நெருக்கடி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஆள் கிடைக்காது, பஸ் ஸ்டாண்டில் ஜனம் கத்தும். சில நாள் நானும் வளைந்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைப் பார்ப்பேன். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டும்போது பேனாவை எப்படி வாங்குகிறார் என்று பார்ப்பேன். அரைத் தூக்கத்தில் இருப்பவர் பேனாவை ஒரு நொடி தாமதமாகத்தான் பிடிப்பார். அதைக் கண்டுவிட்டால் "போய்ப் படுப்பா" என்று சொல்லிவிட்டு, வண்டியை ரத்து என்று எழுதிவிடுவேன். அதற்காக மெமோவும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்தக் குடும்பத்தை வண்டியில் ஏற்றும்போது என்ன செய்தேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு அயர்லாந்துக் கதை. என் மகள் டப்ளினில் நர்ஸ். நான்கு வருஷத்துக்கு முன் நானும் வீட்டுக்காரியும் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வந்தோம். மேற்குக் கடற்கரையைப் பார்க்க காரில் போவது என்று திட்டம். டப்ளினிலிருந்து கால்வே என்ற ஊர் 200 கிலோமீட்டர் சொச்சம். நம்மைப் போல அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பார்க்கப் பழகின மாதிரியே இருக்கும். சனிக்கிழமை காலை நான் குளித்து, வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஏழு மணிக்கே தயார். மகள் நைட் டியூட்டி முடித்து எட்டரைக்கு வந்தாள்.

"கிளம்பலாமாம்மா?" என்றேன்.

"இன்னிக்கு இல்லப்பா. நாளைக்கு."

"ஏன், மழையா?"

"மழை இங்க எப்பவும்தான். நான் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்பா. நைட் பார்த்துட்டு வந்து நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். அவருக்கும் இன்னிக்கு வேலை."

எனக்குச் சுருக்கென்றது. ரூம் புக் பண்ணின காசு போச்சே என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன். அன்றைக்கு முழுக்க அவள் தூங்கினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கிளம்பினோம். கிளம்புகிறபோது ஆரவாரமே இல்லை. நாலு வயசுப் பேரனை அவனுக்கென்று இருக்கிற சீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டினாள். 150 சென்டிமீட்டர் உயரமோ 36 கிலோ எடையோ வராத பிள்ளைக்கு அதற்கான சீட் கட்டாயமாம். தாத்தா மடியில் உட்கார்கிறேன் என்று அவன் அழுதான். எனக்கும் மடியில் வைத்துக்கொள்ள ஆசைதான். அவள் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்த எங்கள் இருவர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைப் போட்டாள். ஊரைச் சுற்றிப் போகிற பெரிய சாலையில் டோல் இருக்கிறது, ஆனால் கேட் கிடையாது. கேமரா நம்பரைப் படித்துக்கொள்கிறது, மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குள் காசு கட்டினால் போதும். இதை நம் பரனூரில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பாதி வழியில் அத்லோன் பக்கம் நிறுத்தி, மாப்பிள்ளை கைக்கு வண்டி மாறியது.

இன்னொரு நாள் சுற்றுலா பஸ்ஸில் போனோம். மத்தியானம் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, 45 நிமிஷம் கழித்துத்தான் எடுப்பேன் என்று அறிவித்துவிட்டு, காபிக் கோப்பையோடு போய்விட்டார். ஐரோப்பிய நாடுகளில் பஸ், லாரி டிரைவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் இளைப்பாற வேண்டும். ஒரு நாளைக்கு ஓட்டுவது 9 மணி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். வண்டியில் ஒரு கருவி இருக்கிறது, சக்கரம் சுற்றுகிற நேரத்தை அதுவே எழுதிக்கொள்கிறது. ஆகவே அங்கே மனிதர்கள் எல்லாம் தர்மாத்மாக்கள், நாம் மட்டும் பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கருவி கண்ணைப் பார்க்கிறது. இங்கே அந்தக் கருவி நாம்தான். நாம் பார்ப்பதில்லை.

சரி, இப்போது என் கதை. அயர்லாந்திலிருந்து திரும்பிய மறு வருஷம், நவக்கிரகக் கோவில்கள் ஒன்பதுக்கும் போவது என்று முடிவானது. பன்னிரண்டு பேர். அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வியாழக்கிழமை தெற்கே சூலம், ஆகவே புதன் ராத்திரியே கிளம்பிவிட வேண்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. தவிர, ராத்திரி கிளம்பினால் ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். நான்தான் இந்த மிச்சத்தை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவன். எழுதிக்கொள்ளுங்கள்.

புதன் ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினோம். உத்திரமேரூர், மேல்மருவத்தூர், ஆத்தூர் டோல், திண்டிவனம், விக்கிரவாண்டி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பிப் பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகிற அந்தச் சாலையில் பல வருஷமாக வேலை நடந்துகொண்டே இருந்தது. நடு ராத்திரியில் திடீரென்று தார் முடிந்து மண் வரும், மாற்றுப் பாதை என்று அம்புக்குறி வரும். நாங்கள் எல்லாரும் தூக்கம். விடிகாலை கும்பகோணத்தில் லாட்ஜ் வாசலில் வண்டி நின்றபோதுதான் கண் விழித்தேன். மூன்று ரூம் எடுத்தோம். குளித்தோம். டிரைவர் தம்பி லாட்ஜின் பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஆறு மணிக்கு வண்டியில் தயாராக நின்றார். சின்னப் பையன், 25, 26 இருக்கும். பக்கத்து கிராமம்.

அன்றைக்கு ஒன்பது கோவில். திங்களூரில் ஆரம்பித்து திருநள்ளாறு வரை. வியாழக்கிழமை என்பதால் ஆலங்குடியில் குருபகவானுக்குக் கூட்டம் அப்பிக்கொண்டது, அங்கேயே இரண்டு மணி நேரம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்று, "தம்பி கொஞ்சம் மிதிப்பா, வைத்தீஸ்வரன் கோயில் மூடிடுவான்" என்று விரட்டியவர் யார் என்று கேட்காதீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு லாட்ஜுக்குத் திரும்பினோம். அவர் வண்டியிலேயே படுத்துக்கொண்டார். மார்கழி முடிந்து தை, பனி. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். காலையில் பார்த்தேன், கை பூராத் தடிப்பு. "தூங்கினியாப்பா?" என்று கேட்டேன். "தூங்கினேன் சார்" என்றார். நானும் நம்பிவிட்டேன். இருபத்தேழு வருஷம் கண்ணைப் பார்த்துப் பழகியவன், அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் பயணம் நின்றுவிடுமே.

வெள்ளிக்கிழமை சுவாமிமலை, தஞ்சாவூர். சாயங்காலம் கிளம்பி அதே ராத்திரி ஊர் திரும்புகிற ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் அண்ணன் மகளுக்கு ஏதோ பள்ளிக்கூடக் கூட்டம். வழியில் சாப்பாடு. திண்டிவனம் தாண்டி ஒலக்கூரையும் கடந்தாயிற்று. மணி ஒன்றரை இருக்கும். எனக்கு என்னவோ விழிப்பு வந்தது. வண்டி நேராகத்தான் போனது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. வலப்பக்கச் சக்கரம் நடுத்திட்டின் ஓரத்தில் உரசுகிற சத்தம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. பார்வை இல்லை.

"தம்பி!" என்று கத்தினேன்.

வண்டி இடப்பக்கம் வெட்டியது, ஆடியது, பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஒரு முழ தூரத்தில் தாண்டிப் போனது. முன் சீட்டில் மடியில் படுத்திருந்த ஐந்து வயசுப் பேத்தி கீழே விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். என் மனைவிக்கு மணிக்கட்டில் அடி. அவ்வளவோடு போயிற்று.

ஓரமாக நிறுத்தி இறங்கினோம். அந்தத் தம்பி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடுங்க சார், மன்னிச்சிடுங்க சார், ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கடைசியா எப்பப்பா படுத்துத் தூங்கினே?"

"திங்கக்கிழமை ராத்திரி சார்."

செவ்வாய் ராத்திரி வேறொரு குடும்பத்தைத் திருப்பதிக்கு ஓட்டியிருக்கிறார். புதன் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர்களை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, பத்தரைக்கு எங்கள் வாசலில் நின்றார். பிள்ளையார் கோவிலில் அவர் நெற்றியில் திருநீறு வைத்தது என் கைதான்.

அங்கேயே ரோட்டோரம் ஒரு டீக்கடையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்கினார். அண்ணன் மகளின் பள்ளிக்கூடக் கூட்டம் போய்விட்டது. ஒன்றும் முழுகிப்போகவில்லை.

இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் சொல்லுகிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"அவனுங்களுக்குப் பழக்கம்." தூக்கத்தில் பழக்கம் என்று ஒன்று கிடையாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவர் அளவுக்கு மந்தமாகிறது என்று 1990-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் 0.03-க்கு மேல் இருந்தாலே குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு டிரைவர் வாயில் வாடை வந்தால் நாம் வண்டியிலேயே ஏற மாட்டோம், ஊரைக் கூட்டிவிடுவோம். மூன்று நாள் தூங்காதவரிடம் பேத்தியைக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிறோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர் வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம்.

"ராத்திரியில போனா டிராபிக் இல்லை, வெயில் இல்லை, குழந்தைங்க தூங்கிடும்." இது நிஜம்தான், மறுக்கவில்லை. குழந்தைகள் தூங்குகிற அதே நேரம்தான் பெரியவர் உடம்பும் தூங்கச் சொல்லுகிற நேரம். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை, பகலில் நன்றாகத் தூங்கின ஆளுக்கே கண் சொக்கும். வெயில்தான் பயம் என்றால் விடிகாலை ஐந்துக்குக் கிளம்புங்கள்.

"அவனே ரூம் வேணாம்னுட்டான்." வேண்டாம் என்றுதான் சொல்வார். ரூம் காசைப் பேட்டாவில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. நாம் கேட்கிற மாதிரியும் அப்படித்தான்: "உனக்கு ரூம் ஒண்ணும் வேணாம்லப்பா?" விருந்தாளியிடம் "சாப்பிட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்கிற ரகம் அது.

"செலவு." இதைச் சொல்லுகிறவர்களிடம்தான் எனக்கு நிஜமாகக் கோபம் வருகிறது. டிரைவருக்கு ஒரு சின்ன ரூம் 700 ரூபாய் என்று வையுங்கள். பதினாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 50 ரூபாய். திரும்பி வருகிற வழியில் ஆளுக்கு எத்தனை அல்வாப் பொட்டலம் வாங்குகிறோம்? ஒன்றைக் குறைத்துக்கொண்டால் போதும்.

"லாட்ஜ்ல டிரைவருக்கு இடம் தர மாட்டான்." கேட்டுப் பார்த்தீர்களா? 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டலும் லாட்ஜும் விருந்தினர்களின் டிரைவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயோ 250 மீட்டருக்குள்ளேயோ படுக்கிற கூடமும் கழிப்பறை, குளியலறையும் வைக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. விதி காகிதத்தில் தூங்குகிறது என்றால், அதை எழுப்ப வேண்டியது காசு கொடுத்துத் தங்குகிற நாம். மூன்று ரூம் எடுக்கிறவர் கவுன்ட்டரில் நின்று "டிரைவர் ரூம் எங்கேங்க?" என்று கேட்டால் மேனேஜர் ஒரு சாவியாவது தேடுவார். பத்துப் பேர் கேட்டால் கட்டிலே போடுவார்.

"சாமி காரியம், சாமி பார்த்துக்கும்." எனக்கும் சாமி உண்டு. தினமும் விளக்கேற்றுகிறேன். 2019-ல் அத்திவரதர் வந்தபோது காஞ்சிபுரத்தைச் சுற்றி வேன் நிறுத்தின மைதானங்களைப் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட் வெயில். தகரம் கொதிக்கும். உள்ளே பதினைந்து பேர் வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள், டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழல் தேடித் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். பெருமாள் 40 வருஷம் தண்ணீருக்குள் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்திருந்தார். அவருக்குப் படுக்கையின் அருமை தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

வண்டி முதலாளிகளைத் திட்டலாம். அடுத்தடுத்து ட்ரிப் ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் வாடகையைக் குறைக்கச் சொல்லி அவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் நாம்தான். மூன்று நாளில் முடிகிற பயணத்தை இரண்டரை நாளாக நெருக்குகிறவர்களும் நாம்தான்.

அண்ணா, இப்போது உங்களுக்கு. ராமேஸ்வரம் நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒரே ராத்திரியில் ஒரே ஆள். அங்கிருந்து திருச்செந்தூர், கன்னியாகுமரி, அப்புறம் தமிழ்நாட்டின் மொத்த நீளத்தையும் ஏறித் திரும்ப வேண்டும். மூன்று நாளில் இது ஆகாது. ஐந்து நாள் ஆக்குங்கள், இல்லையென்றால் கன்னியாகுமரியை விடுங்கள், கடல் எங்கேயும் போய்விடாது. விடிகாலை கிளம்பி முதல் ராத்திரி திருச்சியிலோ மதுரையிலோ தங்குவோம். டிரைவருக்குத் தனி ரூம், வாடகை நான் தருகிறேன். வண்டி பேசும்போது, முந்தின நாள் ராத்திரி அவருக்கு ட்ரிப் போடக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு நம்மோடு ஒரே பந்தியில். பேத்தியை முன் சீட்டில் மடியில் வைக்கக் கூடாது. அவள் உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, சிரிக்கும்போது தெரிகிறது. இதெல்லாம் ஆகாது என்றால் நானும் என் வீட்டுக்காரியும் ரயிலில் ராமேஸ்வரம் வந்துவிடுகிறோம். அக்னி தீர்த்தத்தில் பார்த்துக்கொள்வோம்.

சூலத்தைப் பற்றியும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினால் தெற்கே தடை இல்லை. பஞ்சாங்கம் பார்த்தாயிற்று.

இதை எழுதி முடிக்கிற நேரம் வரை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. வேனுக்கு அட்வான்ஸ் வரும் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று அண்ணி சொன்னார்.